வலையமைப்புக் கோப்பு முறைமையில் ஒத்திசை எழுத்தும் ஒத்திசையா எழுத்தும்: வேக அளவீட்டின் வரலாறு

முன்னுரை

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் போன்ற தொழில் வட்டாரங்களில், உதிரிபாக வரைபடங்களையும் தரச்சோதனைப் பதிவுகளையும் பல கணினிகள் ஒரே சேவையகத்தில் பகிர்ந்து சேமிப்பது இயல்பு. இத்தகைய பகிர்வுக்குரிய நெறிமுறைகளுள் ஒன்று வலையமைப்புக் கோப்பு முறைமை (என்.எஃப்.எஸ்). சேவையகம் 'பதிந்தாயிற்று' என விடையளிக்கும் கணத்தில் தரவு வட்டில் உள்ளதா, நினைவகத்தில் மட்டுமே உள்ளதா என்னும் வினாவே அதன் வேக அளவீட்டு வரலாற்றின் மையமாகும்.

இரண்டாம் பதிப்பு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட இம்முறைமையில் சேவையகம் பயனர் கணினிகளின் நிலையை நினைவில் கொள்வதில்லை. எனவே, அது இடையில் நின்று மீண்டாலும் தரவு இழக்கப்படாதிருக்க, ஒவ்வோர் எழுத்தையும் நிலைத்த சேமிப்பகத்தில் பதிந்த பின்னரே விடையளிக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரு கோரிக்கையின் உச்ச அளவு 8192 பைட்டு; ஒரு மெகாபைட் கோப்புக்கு 128 கோரிக்கைகள். வட்டின் மெதுவியக்கம் முழுவதும் பயனரைச் சென்றடைந்தது. இதற்கு இரு தீர்வுகள் எழுந்தன. ஒன்று, மின்கலம் காக்கும் நினைவக அட்டை. இது விதியைக் காத்து வேகம் தந்தது. மற்றொன்று, பதியுமுன்பே விடையளிக்கும் ஒத்திசையா அமைப்பு. இது விதியை மீறி வேகம் தந்தது.

மூன்றாம் பதிப்பு

1995 ஜூனில் ஆர்.எஃப்.சி. 1813 ஆக வெளியான மூன்றாம் பதிப்பு, நிலைபெறா எழுத்தை நெறிமுறைக்குள்ளேயே ஏற்றது. பயனர் கணினி தரவின் படியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பின்னர் 'கமிட்' கோரிக்கையால் பதிவை உறுதிசெய்கிறது. சேவையகம் இடையில் மறுதொடக்கம் பெற்றால் சரிபார்ப்பு எண் மாறுகிறது. அதைக் கண்ட பயனர் கணினி தரவை மீண்டும் அனுப்புகிறது. சேவையகத்தின் 'அசிங்க்' அமைப்போ இதனின் வேறானது. அது கமிட் கோரிக்கைக்கும் பதியாமலே விடையளிப்பதால், இழப்பு பயனருக்குத் தெரியவருவதில்லை. லினக்ஸின் என்.எஃப்.எஸ்-யூட்டில்ஸ் தொகுப்பில் 1.0.0 வெளியீடு வரை 'அசிங்க்' இயல்பமைப்பாக இருந்தது. பின்வந்த வெளியீடுகளில் 'சிங்க்' ஆயிற்று. மேம்படுத்திய பின் வேகம் குறைந்ததாகத் தோன்றினால், அதற்கு இம்மாற்றமும் காரணமாகலாம்.

முடிவுரை

சிறுகோப்புகள் பலவற்றை உருவாக்கும் சோதனையில் இரு அமைப்புகளின் வேறுபாடு மிகுந்து காணப்படும். மூன்றாம் பதிப்பிலும் கோப்பு உருவாக்கம் உடனே பதியப்பட வேண்டும் என்பதே காரணம். ஆகவே அமைப்பைக் குறிப்பிடாத வேக எண்களை ஒப்பிடுதல் பொருந்தாது. மின்தடையால் ஒரு பணிநேரத்தின் தரச்சோதனைப் பதிவுகள் அழிந்தால் ஏற்கத்தகுமா என்பதைத் தீர்மானித்த பின்னரே, அவ்வெண்களைக் கொண்டு சேவையகத்தைத் தேர்தல் முறையாகும்.