பெயரில்லாத செவ்வாய்

2015ஆம் ஆண்டு பெப்ரவரி 17. துபாயில் ஒரு ஹோட்டல் குசினியில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். விடியப்புறம் 5 மணிக்கே மாவும் முட்டையும் பாலும் அடித்துக் கலந்த பெரிய ஏனம் ஒன்றை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். மெல்லிசாகச் சுட வேண்டும், முந்நூறுக்குக் குறையக்கூடாது என்பது கட்டளை. எலுமிச்சம்புளியும் சீனியும் தூவிச் சுருட்டி வைப்பதற்கு இன்னொருவன். ஏன் இன்றைக்கு மட்டும் இவ்வளவு என்று கேட்டேன். "வெள்ளைக்காரருக்கு இன்றைக்கு பான்கேக் டே" என்றான் பக்கத்து அடுப்பில் நின்ற கோட்டயத்துக்காரன்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். அடுத்த நாள் விபூதிப் புதன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அந்தப் பெயருக்காக முந்நூறு அப்பம் சுட வேண்டியிருக்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவன் நான். முடிக்காத படிப்பு புண் மாதிரி, ஏதாவது பட்டால் நோகும். அன்று முழுக்க மாவை ஊற்றிக்கொண்டே ஒவ்வொருவனாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்: உங்கள் ஊரில் இந்த நாளுக்கு என்ன பெயர்?

ஆங்கிலேயரின் பழைய பெயர் ஷ்ரோவ் டியூஸ்டே. பாவசங்கீர்த்தனம் கேட்டுக் குருவானவர் பரிகாரம் விதிப்பதைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல்லில் இருந்து வந்தது. தபசுகாலத்துக்குள் நுழைய முன்னர் பாவத்தைச் சொல்லித் தீர்க்க வேண்டும், வீட்டிலிருக்கிற முட்டை, வெண்ணெய், பாலையும் தின்று தீர்க்க வேண்டும். இரண்டுமே கணக்கு முடிக்கிற வேலை. சனங்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைக்கக் கோயில் மணி அடித்தார்கள். பிறகு சீர்திருத்தம் வந்து பாவசங்கீர்த்தனம் போய்விட்டது. மணி மட்டும் பல ஊர்களில் நிற்கவில்லை. அதே மணியைச் சனங்கள் பான்கேக் மணி என்றார்கள். மதம் மாறினாலும் வயிறு மாறவில்லை. இன்றைக்கு இங்கிலாந்தில் சாதாரண பேச்சில் பான்கேக் டே. அயர்லாந்துக்காரர் பான்கேக் டியூஸ்டே என்பார்கள்.

பிரெஞ்சுக்காரருக்கு இது கொழுப்புச் செவ்வாய், மார்டி கிரா. கார்னிவல் என்ற சொல்லை இறைச்சியை விலக்குதல் என்ற இத்தாலிய, லத்தீன் வேர்களுக்குக் கொண்டுபோவார்கள். கோல்ன், டுசல்டோர்ஃப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் அந்த ஊர்வலங்களில் மிட்டாய் பொறுக்கிய பிள்ளைகளைப் பெற்றவர்கள், அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐஸ்லாந்துக்காரர் வெடிக்கிற நாள் என்கிறார்கள், வயிறு வெடிக்கிற அளவுக்கு உப்புக்கண்டமும் பயறும் தின்பதால்.

எங்கள் குசினிப் பெரியவர் லெபனான் மரோனியர். அவர் சொன்ன பெயர் மர்ஃபா. அரபியில் தூக்குதல், எடுத்து அகற்றுதல் என்ற வேரிலிருந்து பிறந்த சொல். மேசையில் இருந்து இறைச்சியை எடுத்து அகற்றுகிற காலம். இத்தாலியன் லத்தீனில் சொன்னதும் லெபனான்காரன் அரபியில் சொன்னதும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டபோது அடுப்பில் ஒரு அப்பம் கருகிப்போயிற்று. அதற்கு ஏச்சும் வாங்கினேன். அவர்களுக்குத் தபசு திங்களிலேயே தொடங்கிவிடும். அதற்கு முந்தின வியாழனைக் குடிகாரர் வியாழன் என்று சொல்லும் வழக்கமும் உண்டு என்று சிரித்தார்.

கோட்டயத்துக்காரனுக்கும் அப்படித்தான். சீரோ மலபார் சபையினருக்கு நோன்பு திங்களில் தொடக்கம், அதன் முந்தின ஞாயிறு பேத்துர்த்தா. சிரியாக் மொழிச் சொல். திரும்பிப் பார்த்தல் என்று அவர்களுடைய குருமார் விளக்குவதாகச் சொன்னான். ஞாயிறு இரவு வரை போத்தும் கோழியும். பிறகு 50 நாள் இறைச்சி இல்லை, இறைச்சி சமைத்த சட்டிகளை அவனுடைய அம்மச்சி சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றிவிடுவாளாம்.

இந்தச் சிரியாக் மொழி வளைகுடாவுக்கு அந்நியமில்லை என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அபுதாபிக்கு மேற்கே சேர் பனி யாஸ் தீவில் 1992இல் ஒரு பழைய கிறிஸ்தவ மடத்தின் இடிபாடுகளைக் கண்டுபிடித்தார்கள். 2022இல் உம் அல் குவைனில் சினியா தீவில் இன்னொன்று. இந்தக் கரை முழுதும் ஒருகாலம் கீழைச் சிரிய சபை பரவியிருந்தது. அச்சபையில் துறவிகளுக்கெல்லாம் ஆசானாகக் கொள்ளப்படும் நினிவேயின் ஈசாக், 7ஆம் நூற்றாண்டில், இன்றைய கத்தார்ப் பக்கத்தில் பிறந்தவர். கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மரபும் அதே சபையினுடையது. ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் சிரியாக்கில் செபம் சொல்லி நோன்பிருந்த கரையிலே, கோட்டயத்துச் சமையற்காரன் ஒருவன் சிரியாக் பெயரைச் சொல்லிக்கொண்டு வெள்ளைக்காரனுக்கு அப்பம் சுடுகிறான். அவனுக்கு நான் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "அப்போ நமக்கு அங்கே ரெசிடென்சி தரவேண்டியதல்லவா" என்றான்.

கோவாக்காரன் சொன்ன பெயர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்த்ரூஸ். போர்த்துக்கேயரின் என்ட்ரூடோ என்பதன் கொங்கணித் திரிபு. நுழைவு, தபசுகாலத்தின் வாசற்படி என்று பொருள். புதனுக்கு முந்தின சனியிலிருந்து செவ்வாய் வரை அங்கே கார்னிவல். மா வீசுவதும் தண்ணீர் அடிப்பதும் தெருக்கூத்தும்.

போர்த்துக்கேயர் எங்களிடமும் வந்தார்களே! மஸ்கட்டை அவர்கள் 1507இல் எரித்துப் பிடித்தார்கள். ஹோர்முஸ் 1515 முதல் 1622 வரை அவர்கள் கையில். யாழ்ப்பாண அரசை 1619இல் விழுங்கினார்கள். சங்கிலியனை கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். மஸ்கட் 1650இல் கைவிட்டுப் போயிற்று, யாழ்ப்பாணக் கோட்டை 1658இல். ஒரே சாம்ராச்சியத்தின் ஒரே சரிவு. மஸ்கட் துறைமுகத்தில் ஜலாலி, மிரானிக் கோட்டைகளைப் பார்க்கிற யாழ்ப்பாணத்தான் எவனுக்கும் எங்கோ கண்ட கல் என்ற எண்ணம் வரும்.

அவர்கள் எங்களுக்கு விட்டுப்போன சொற்களை எண்ணிப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, துவாய், பாண். நான் நின்று வேலை செய்கிற இடத்தின் பெயரே குசினி, அதுவும் அவர்களுடையது. ஒல்லாந்தர் காலத்திலும் இலங்கைத் துறைமுகப் பட்டினங்களில் போர்த்துக்கேயப் பேச்சு அழியவில்லை என்பதால் இச்சொற்களுக்கு வேர்விடக் காலம் கிடைத்தது. குசினியைத் தந்தவன் குசினியின் பெருநாளை ஏன் தராமல் போனான்? கோவாவில் நின்ற இந்த்ரூஸ் ஏன் யாழ்ப்பாணத்தில் நிற்கவில்லை?

என் எண்ணம் இது. கோவாவில் அவர்கள் 1961 வரை, 451 வருடம் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நேராக ஆண்டது 39 வருடம். அதைவிடப் பெரிய காரணம் அதற்குப் பிறகு நடந்தது. ஒல்லாந்தர் வந்ததும் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், குருவானவருக்கு ஒளிப்பிடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளையிட்டார்கள். சுமார் 30 வருடம் எங்கள் சனங்களுக்கு குருவானவரே இல்லை. 1687இல் கோவாவில் இருந்து யோசேவ் வாஸ் அடிகளார் பரதேசி வேடத்தில் வந்து இறங்கினார். சில்லாலையில் ஒளித்து இருந்து இரவில் பூசை வைத்தார். கத்தோலிக்கர் மீதான தடைகள் ஆங்கிலேயர் காலத்தில், 1806இல்தான் சட்டப்படி நீங்கின. ஒன்றரை நூற்றாண்டு ஒளிப்பு.

நோன்பை ஒளித்து இருக்கலாம். சாம்பலை நெற்றியில் பூசி விடிய முன் துடைத்துவிடலாம், பார்க்கிறவன் சைவன் என்று நினைத்தாலும் கேடில்லை. சாம்பலுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயரே விபூதி. (கோட்டயத்துக்காரனும் அவனுடைய திங்களை விபூதித் திங்கள் என்றான்.) ஆனால் கூத்தடிக்கத் தெரு வேண்டும், சத்தம் போட வேண்டும், நெய் மணக்க அடுப்பு எரிய வேண்டும். ஒளித்து வாழ்கிறவனிடம் அழுகைக்குரிய நாட்கள் மிஞ்சும், சிரிப்புக்குரிய நாட்கள் முதலில் போய்விடும். எங்கள் கரையில் பாடுகளின் காட்சியும் ஒப்பாரியும் எவ்வளவு செழித்திருக்கின்றன! செவ்வாய்க்கு மட்டும் ஒரு சொல்லும் இல்லை. வாஸ் அடிகளார் பிறந்தது இந்த்ரூஸ் ஆடிய மண்ணில். சில்லாலையில் ஒளித்திருந்த நாட்களில் அந்தச் செவ்வாயை அவர் நினைத்திருப்பாரா என்று யோசிப்பேன். அவரைப் பாப்பரசர் கொழும்பில் புனிதராக அறிவித்தது நான் அப்பம் சுட்டதற்கு ஒரு மாதம் முன்னர், 2015 ஜனவரி 14இல்.

வளைகுடாவில் ஒளிக்கத் தேவையில்லை, ஆனால் சுவருக்கு உள்ளே இருக்க வேண்டும். இந்தக் காலத்து வளைகுடா அரபு நாடுகளில் முதல் கத்தோலிக்கக் கோயில் 1939இல் பஹ்ரைனில் கட்டப்பட்டது. துபாய் மரியாள் கோயில் ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்த காணியில் 1967இல் எழுந்தது. தோஹாவில் 2008இல் திறந்த பெரிய கோயிலுக்கு வெளியே சிலுவையும் இல்லை, மணியும் இல்லை. சவூதியில் ஒன்றுமே இல்லை. நான் சுட்ட முந்நூறு அப்பமும் குளிரூட்டிய மண்டபத்துக்குள்ளே தின்று முடிந்தன. மறுநாள் மாலை, வேலைக்கு இடையில் ஓடிப்போய், மரியாள் கோயிலில் ஆயிரக்கணக்கான பேரோடு வரிசையில் நின்று சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். பஃபே மேசைக்குப் போகும் வாசலில் மேற்பார்வையாளர் என்னை மறித்தார். "நெற்றியைக் கழுவிவிட்டு வா. அழுக்கு என்று வாடிக்கையாளர் நினைப்பார்கள்." கழுவினேன். கடவுச்சீட்டு அவர்கள் பெட்டிக்குள் இருந்தது, இரண்டு மாதச் சம்பளமும் அவர்களிடம் இருந்தது. அந்த நாடுகள் ஒன்றும் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. அகதி என்கிற பெயர் எனக்கு அங்கே கிடையாது. ஒப்பந்தத் தாளில் கிச்சன் ஹெல்ப்பர் என்றிருந்தது, அவ்வளவுதான். சில்லாலையில் சாம்பலைத் துடைத்த யாரோ ஒரு முப்பாட்டனை அன்று கைகழுவும் தொட்டியடியில் நினைத்தேன். அவனுக்குத் தலை போகும் பயம், எனக்கு வேலை போகும் பயம், ஒப்பிடுவது பிழைதான்.

நோன்புக்கு முந்தின நாளுக்குப் பெயர் வைப்பது கிறிஸ்தவர் மட்டுமில்லை. என் சித்தி குவைத்தில் 9 வருடம் வீட்டுவேலை செய்தவர். ஷஃபான் மாதத்தின் கடைசி நாளை அவர்கள் கிறைஷ் என்பார்களாம். ரமழான் பிறக்க முன் வீட்டில் உள்ளதைச் சமைத்துத் தின்று முடிக்கிற நாள். குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடுவார்கள், ஆளுக்கொரு ஏனம் கொண்டு வருவார்கள். "பெயர் அவைக்கு, ஏனம் கழுவுறது எனக்கு" என்பார் சித்தி.

அப்பமும் அங்கே உண்டு. அமீரகத்தாரின் சபாப், குங்குமப்பூவும் ஏலமும் போட்டுப் புளிக்கவைத்த மாவில் சுடுவது, பேரீச்சம்பாணியோடு காலையில் தின்பது. ரமழான் இரவுகளுக்கு கதாயெஃப். இதை ஒரு பக்கம் மட்டும் சுட வேண்டும், எங்கள் அப்பம் போல மேல்பக்கம் கண் விட்டிருக்கும். வேகாத பக்கம் ஈரமாக இருப்பதால்தான் கொட்டைப்பருப்போ ஆடையோ வைத்து மடித்தால் ஓரம் ஒட்டும். பிறகு எண்ணெயில் பொரித்துப் பாகில் போடுவது. கிறிஸ்தவன் நோன்புக்கு முன் மாவைத் தீர்க்கிறான், அரபி நோன்புக்குள்ளேயே இரவில் மாவைக் கரைக்கிறான். குசினியில் நிற்பவனுக்கு இரண்டும் ஒரே அகப்பை.

இப்போது நான் பாரிஸில் ஒரு உணவகத்தில். இங்கே கிரெப் சுடுகிற நாள் செவ்வாய் அல்ல, பெப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள். செவ்வாய்க்குப் பொரித்த பலகாரம். எங்கள் வீட்டிலும் ஏதோ இருந்ததே என்று கனநாள் யோசித்துப் பார்த்தேன். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டின பான்கேக்கை அம்மம்மா எப்போதாவது சுடுவார். நாள் பார்த்துச் சுட்டதாக நினைவில்லை. ஆனால் விபூதிப் புதனுக்கு முதல் நாள் பின்னேரம் கிணற்றடியில் குந்தியிருந்து இறைச்சிச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார். அதற்கு ஒரு பெயரும் சொன்னதில்லை.

2026இல் விபூதிப் புதன் பெப்ரவரி 18இல் வந்தது. உம்முல் குரா நாட்காட்டிக் கணக்கில் ரமழான் முதல் நாளும் அதே புதன். செவ்வாய் இரவு வேலை முடிந்து சித்திக்கு எடுத்து இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப இண்டைக்கு ரெண்டு பகுதிச் சட்டியும் கழுவோணும்" என்றார்.