அல்கோனாக்கின் படகுகளும் அவற்றின் உடைமையாளர் கூட்டங்களும்

கிறிஸ் கிராஃப்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் கட்டிய பழைய மர மோட்டார் படகுகளை வைத்திருப்போர், கோடைக்காலத்தில் ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் கூடி, படகுகளைத் துறையில் வரிசையாகக் கட்டிக் காட்சிக்கு வைத்து, பின்னர் அணிவகுத்து உலா போவது ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நிலவிவரும் வழக்கமாகும். ஒரே பட்டறையின் படகுகளைச் சுற்றி இத்தகைய கூட்டம் உருவாக வேண்டுமெனில், முதலில் அப்பட்டறை ஒன்றுபோல் மற்றொன்று அமைந்த படகுகளைத் திரளாகச் செய்திருக்க வேண்டும். அதன் நிறுவனரின் தொழில் வாழ்க்கையோ அதற்கு நேர்மாறாகவே தொடங்கியது.

மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் கிளேர் ஆற்றங்கரையிலுள்ள அல்கோனாக் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கிறிஸ்டபர் கொலம்பஸ் ஸ்மித் (1861–1939), வாத்து வேட்டையாடுவோருக்குச் சிறு படகுகள் கட்டித் தந்து பெயர் பெற்று, பின்னர் பந்தயப் படகுகளுக்கு மாறினார். செல்வந்தரும் பந்தய ஓட்டியுமான கார் வுட் 1920இல் இங்கிலாந்தில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை வென்றது ஸ்மித்தின் பட்டறைக் கைவண்ணத்தில் உருவான படகில்தான். ஆனால் பந்தயப் படகு ஒவ்வொன்றும் தனிப்பிறவி. 1922இல் ஸ்மித்தும் அவர் மகன்களும் தொடங்கிய புதிய நிறுவனமே, 26 அடி நீள ‘ரன்னபவுட்’, அதாவது மேல்தளத்தில் குழிவாக இருக்கைகள் அமைந்த திறந்த உல்லாசப் படகு, ஒன்றை ஒரே அளவில் திரும்பத் திரும்பக் கட்டி விற்றது. முதல் உலகப்போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த விமான எஞ்சின்கள் இதற்குக் கைகொடுத்தன. தவணை முறை விற்பனை நடுத்தர வசதியுள்ளோரையும் வாடிக்கையாளராக்கியது. இரண்டாம் உலகப்போரில் படைகளைக் கரையிறக்கும் 36 அடிப் படகுகளை ஆயிரக்கணக்கில் கட்டிய பழக்கம், போருக்குப் பிந்தைய உற்பத்தியை மேலும் விரிவாக்கியது.

1960இல் குடும்பத்தின் கையிலிருந்து நிறுவனம் விலைபோயிற்று. 1964இல் இழைக்கண்ணாடியாலான ‘கமாண்டர்’ வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் மரப்படகுக் கட்டுமானமே நின்றுபோயிற்று. பழைய கிறிஸ் கிராஃப்ட் படகுகளுக்கான உடைமையாளர் சங்கம் அமைந்ததும் அதே ஆண்டுகளில்தான் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. பட்டறை மரத்தைக் கைவிட்டபின், உதிரிப் பாகத்தையும் பழுதுபார்க்கும் முறையையும் ஓர் உடைமையாளர் இன்னோர் உடைமையாளரிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. கூட்டத்தின் கேளிக்கைக்கு அடியில் இருந்தது இந்தத் தேவையே. பழைய ‘ஸ்போர்ட்ஸ்மேன்’ வகைப் படகொன்று முக்கிய இடம்பெற்ற ‘ஆன் கோல்டன் பாண்ட்’ (1981) திரைப்படம், இவற்றின் மீதான ஆர்வத்தைப் பொதுமக்களிடமும் கொண்டுசேர்த்தது.

கூட்டங்களில் ஓயாது விவாதிக்கப்படுவது படகின் அடிப்பகுதி. மரக்கலங்களின் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பத்து வேலைக்குப் பதிலாக, இப்படகுகளின் அடியில் குறுக்குச் சாய்வாக ஓர் அடுக்குப் பலகையும், அதன்மேல் பசையூட்டிய கித்தானும், வெளியே நீளவாட்டில் மற்றோர் அடுக்குப் பலகையும் பொருத்தப்பட்டன. குளிர்காலம் முழுதும் கொட்டகையில் உலர்ந்து சுருங்கிய பலகைகள் நீரில் ஊறிப் பருத்தால்தான் இடுக்குகள் மூடும். அதுவரை படகு நீர் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆவணங்களும் இக்கூட்டங்களின் உயிர்நாடியாகும். தொழிற்சாலை ஒவ்வொரு படகுக்கும் ஓர் அட்டை எழுதி, அதில் படகின் எண், எஞ்சின் எண், அனுப்பிய நாள், பெற்ற விற்பனையாளர் முதலியவற்றைக் குறித்து வைத்தது. கணக்குக்காக எழுதப்பட்ட அந்த அட்டைகள் இன்று வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள மாரினர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; படகில் பொறித்த எண்ணைக் கொண்டு அதன் அட்டையின் படியைப் பெறுவதே புதிய உடைமையாளர் பலரின் முதல் வேலை. அட்டையிலுள்ள எஞ்சின் எண்ணும் படகிலுள்ளதும் ஒத்திருந்தால் மதிப்பும் விலையும் கூடுகின்றன.

பழைய மரப்படகுகளை மதிப்பிடும் நடுவர்கள், தொழிற்சாலைப் பலகை பெரும்பாலும் எஞ்சியுள்ள படகுகளை ஒரு பிரிவிலும், புதுமரம் இட்டுப் புதுப்பித்தவற்றை வேறொரு பிரிவிலும் வைக்கின்றனர். இருப்பினும், கித்தானுக்குப் பதில் ரப்பர் போன்ற நவீனப் பசையால் ஒட்டி, ஊறவைக்கத் தேவையில்லாதபடி மாற்றிய அடிப்பகுதியை உடைமையாளர் பலர் தயங்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டனர். வார்னிஷின் நிறம் சற்றே பிசகினால் குறை கூறுவோரும் நீருக்கடியிலுள்ள இம்மாற்றத்தைப் பெரிதுபடுத்துவதில்லை.