இரத்தம் ஏற்றியபின் தட்டணுக்களின் எண்ணிக்கை

டெங்கு பரவும் மழைக்காலங்களில், நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு நோயாளிகளுடன் வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இரத்தம் ஏற்றியும் தட்டணு ஏன் உயரவில்லை?" என்பதாகும். ஏற்றப்பட்டது எது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூற இயலும்.

தானமாகப் பெறப்படும் இரத்தம் பெரும்பாலும் சிவப்பணு, தட்டணு எனப்படும் பிளேட்லெட், பிளாஸ்மா எனத் தனித்தனியே பிரிக்கப்படுகிறது. இரத்தசோகைக்காக ஏற்றப்படும் சிவப்பணுக்களால் ஹீமோகுளோபின் உயரும்; தட்டணுக்கள் உயருவதில்லை. விபத்திலோ மகப்பேற்றிலோ மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டு, பல பைகள் சிவப்பணு விரைந்து ஏற்றப்படும்போது, உடலில் எஞ்சிய தட்டணுக்கள் நீர்த்துப்போய் எண்ணிக்கை குறையவும் கூடும். ஆகவே அத்தகைய நேரங்களில் தட்டணுக்களும் பிளாஸ்மாவும் சேர்த்தே ஏற்றப்படுகின்றன.

இயல்பான அளவு, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை. சாதாரண இரத்ததானத்திலிருந்து பிரித்த ஒரு பை தட்டணு, பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரை மட்டுமே உயர்த்தும். ஒரே கொடையாளரிடமிருந்து இயந்திரம் மூலம் பெறப்படும் பை 30,000 முதல் 50,000 வரை உயர்த்தலாம். இவ்வுயர்வு சில நாள்களே நீடிக்கும். காய்ச்சல், கிருமித்தொற்று, மண்ணீரல் வீக்கம், முன்னர் கருவுற்றதாலோ இரத்தம் பெற்றதாலோ உருவான எதிர்ப்பொருள்கள் ஆகியவை இருப்பின் எதிர்பார்த்த பலன் கிட்டாது. பிரித்த தட்டணுக்களை 5 நாள்களே பாதுகாக்க முடியும் என்பதால்தான் இரத்த வங்கியினர் திடீரெனக் கொடையாளரைக் கேட்கின்றனர். இதனை அலட்சியமெனக் கருத வேண்டாம்.

டெங்குவில் எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுமாறு வற்புறுத்த வேண்டாம். இரத்தக்கசிவு இல்லாதபோது, 10,000-க்குக் கீழே சென்றால் மட்டுமே முன்னெச்சரிக்கையாக ஏற்றுவது குறித்து தேசிய வழிகாட்டுதல் கூறுகிறது. தேவையின்றி ஏற்றினால் ஒவ்வாமை, கிருமித்தொற்று, நுரையீரலில் நீர்கோத்தல் போன்றவை நேரலாம். உண்மையில், இரத்தநாளங்களிலிருந்து நீர் கசிவதே டெங்குவில் பெரும் ஆபத்து. காய்ச்சல் தணியும் நாள்களில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, கருநிற மலம், சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அறிக்கையில் உள்ள எண் எதுவாயினும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தவிர்க்கவும்.

அரிதாக, இரத்தம் பெற்ற 5 முதல் 10 நாள்களில் தட்டணுக்கள் திடீரென மிகவும் குறைவதுண்டு. பிள்ளை பெற்ற பெண்களிடமே இது மிகுதி. வீடு திரும்பியபின் தோலில் செந்நிறப் புள்ளிகளோ இரத்தக்கசிவோ தென்பட்டால் 108 ஊர்தியை அழைத்து, இரத்தம் ஏற்றப்பட்ட தேதியை மருத்துவரிடம் தெரிவிக்கவும். மருத்துவமனை வழங்கிய விடுப்புச் சீட்டினை உடன் எடுத்துச் செல்லவும்.