முப்புரியும் குண்டுப் புழுவும்

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள மருந்துக்கடையில் கொலாஜன் பானம் விற்கிறார்கள். தோல் மினுக்குமாம். அந்தப் பாட்டிலைப் பார்த்தால் எனக்கு ஒரு புழு ஞாபகம் வரும். சிரிக்காதீங்க.

ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு அது, சி. எலிகன்ஸ். சிட்னி பிரென்னர் கேம்பிரிட்ஜில் ரசாயனம் கொடுத்து அதன் மரபணுக்களைக் குலைத்தார். பிறந்த குஞ்சுகளை உருவம் பார்த்துப் பிரித்து 1974இல் பட்டியலிட்டார். குட்டையும் குண்டுமானவை 'டம்பி'. உடம்பு முறுக்கிக்கொண்டு உருள்பவை 'ரோலர்'. ஏன் அப்படி ஆகின என்பது 1988இல்தான் தெரியவந்தது. கெட்டுப்போன மரபணுக்களில் சில, கொலாஜனுக்கானவை. புழுவுக்கு எலும்பு கிடையாது. வளர்வதற்குள் நான்கு முறை உரிக்கும் சட்டைதான் அதன் உருவத்தைப் பிடித்து வைக்கிறது. அந்தச் சட்டை பெரும்பாலும் கொலாஜன்.

ஒரு மரபணுவில் ஓர் எழுத்து பிசகினால் உடம்பே குறுகிப்போகுமா? போகும். காரணம் 1954-55இலேயே சென்னையில் கிடைத்துவிட்டது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாரை எக்ஸ்-கதிரில் படமெடுத்து, கொலாஜன் ஒரு முப்புரி என்றார்கள். (பூணூலுக்குப் போய்விட வேண்டாம், கயிறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) ஒவ்வொரு புரியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை. சில டம்பிப் புழுக்களில் அந்த ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய அமிலம் ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. முறுக்கு கெடுகிறது.

பிரென்னருடன் பல ஆண்டுகள் ஒரே அறையைப் பகிர்ந்தவர் பிரான்சிஸ் கிரிக். 1955இல் அவரும் அலெக்சாண்டர் ரிச்சும் சென்னை மாதிரியில் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன என்று திருத்தினார்கள். திருத்தம் சரிதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முப்புரி என்ற கரு சென்னையுடையது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் விடாமல் போட்ட கணக்குதான் 1963இல் ராமச்சந்திரன் வரைபடமானது.

அவர் 2001இல் சென்னையில் காலமானார், நோபல் இல்லாமல். அடுத்த ஆண்டு பிரென்னர் புழுவுக்காக நோபல் பெற்றார். சிங்கப்பூரின் உயிரியல் ஆய்வுக்கு நெடுநாள் வழிகாட்டிய பிரென்னர் 2019இல் இங்கேயே மறைந்தார். அவர் பெயர் என் நண்பர்களுக்குத் தெரியும். ராமச்சந்திரன் என்றால், "யாரு, எம்.ஜி.ஆரா?" என்கிறார்கள்.

அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் அரங்கம் இருக்கிறது. பெயர், ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்.