பெயரிடும் அதிகாரம்: மன்னார்க் கரையோரத்தில் வன்முறையும் ‘பயங்கரவாதம்’ என்னும் சொல்லும்

1

அரசியற் சொற்களின் பொருளை அகராதி மாத்திரம் தீர்மானிப்பதில்லை. யார், யாரை நோக்கி, எச்சந்தர்ப்பத்தில் ஒரு சொல்லைப் பிரயோகிக்கின்றனர் என்பதைக் கொண்டே அதன் நடைமுறைப் பொருளை அறிய முடிகிறது. ‘பயங்கரவாதம்’ என்ற சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலே தம்முள் ஒத்த செயல்கள் சில வேளைகளில் ‘கலவரம்’ என்றும், சில வேளைகளில் ‘மோதல்’ என்றும், வேறு சில வேளைகளில் ‘பயங்கரவாதம்’ என்றும் பெயர் பெற்றுள்ளன. மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரைப் பெருநிலத்திலும் நிகழ்ந்த சில சம்பவங்களை ஆதாரமாகக் கொண்டு, ஒரு வன்செயலுக்கு இப்பெயர் எவ்வாறு கிடைக்கிறது, அதனால் விளைவது யாது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மன்னாரைத் தெரிந்து கொண்டமைக்குக் காரணம் உண்டு. இச்சொல் இலங்கைச் சட்டத்தினுள் நுழைவதற்கு உடனடி ஏதுவாயிருந்த சம்பவங்களுள் ஒன்று இம்மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. பள்ளிமுனை, பேசாலை, வங்காலை முதலிய மீனவக் கிராமங்கள் பிற்காலத்தில் அச்சொல்லின் விளைவுகளை நாளாந்த வாழ்விலே அனுபவித்தன. தோற்றத்தையும் விளைவையும் ஒரே நிலப்பரப்பில் வைத்து நோக்க இது வாய்ப்பளிக்கிறது.

2

முதற்கண் இச்சொல்லின் ஐரோப்பிய மூலத்தைச் சுருக்கமாக நோக்குதல் தகும். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793–94 காலப்பகுதியில், புரட்சி அரசு எதிரிகளை அச்சத்தால் அடக்கிய ஆட்சிமுறையே ‘பயங்கரம்’ எனப் பெயர் பெற்றது. அரசின் செயலைக் குறிக்க எழுந்த சொல், அடுத்த நூற்றாண்டிலே அரசுக்கு எதிரானோரின் செயலைக் குறிப்பதாயிற்று. பொருள் இவ்வாறு தலைகீழாக மாறியமை தற்செயலன்று. சொல்லை வழங்கும் உரிமை அரசுகளின் கையிலும், அவற்றோடு பிணைந்த அச்சு ஊடகங்களின் கையிலும் இருந்தமையே அதன் காரணமாகும்.

1857 செப்டெம்பரில் நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன் பத்திரிகைக்கு இந்தியக் கிளர்ச்சி பற்றி எழுதிய காள் மாக்ஸ், இப்பிரச்சினையின் மையத்தைத் தொட்டுக் காட்டினார். சிப்பாய்களின் கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. அவை இந்தியாவில் இங்கிலாந்து நடத்திவந்த ஆட்சியின் எதிரொலி என்றார். அத்துடன் செய்தி வழங்கும் முறையையும் அவர் கவனித்தார். ஆங்கிலேயர் இழைத்த கொடுமைகள் விவரமின்றி வீரச் செயல்களாக விரைந்து சொல்லப்பட்டன. இந்தியர் இழைத்தவையோ மிகைப்படுத்தப்பட்டன. வன்முறையைக் கண்டிப்பதும், அதைக் கூறும் மொழியை விசாரிப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை இக்கட்டுரையிலிருந்து நாம் கற்றுக்கொள்கிறோம்.

3

1978 ஏப்ரலில் முருங்கனை அண்டிய காட்டுப் பகுதியில் பொலிஸ் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் உடன் சென்றோரும் கொல்லப்பட்டனர். அம்மாதத்திலேயே வீரகேசரியில் வெளியான கடிதமொன்றின் மூலம் தமிழீழ விடுதலைப் புலிகள் அதற்கு உரிமை கோரினர். மறுமாதம் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அவ்வியக்கத்தையும் அதனையொத்த அமைப்புகளையும் தடைசெய்தது. 1979 யூலையில் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. அதே மாதத்தில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா, பிரிகேடியர் வீரதுங்கவை வடக்கிற்கு அனுப்பி, ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பணித்தார். தற்காலிகமெனப்பட்ட சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று.

இச்சட்டத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தலைப்பிலுள்ள ‘பயங்கரவாதம்’ என்ற சொல்லுக்கு அது வரைவிலக்கணம் தரவில்லை. குற்றங்கள் சிலவற்றை மாத்திரம் நிரற்படுத்துகிறது. அந்நிரலின் தலையில் நிற்பது ‘குறித்துரைக்கப்பட்ட ஆள்’ ஒருவரைக் கொல்லுதல் என்னும் குற்றம். எந்த மனிதரும் குறித்துரைக்கப்பட்ட ஆள் ஆகிவிடார். சட்டம் குறித்துக்காட்டும் வகுப்பினரே ஆவர். எனவே செயலின் தன்மையைப் பார்க்குமுன், உயிரிழந்தவர் யார் என்று பார்க்கும் கண்ணோட்டம் இங்கு அமைந்துவிடுகிறது. அமைச்சரின் கட்டளையால் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கவும், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் சட்டம் இடமளித்தது. வரையறுக்கப்படாத சொல்லோடு வரையறையற்ற அதிகாரம் சேர்ந்தது.

இதே அரசு தென்னிலங்கையில் 1971இல் எழுந்த ஆயுத எழுச்சியை எவ்வாறு பெயரிட்டது என்பதை ஒப்புநோக்குவது பயனுடையது. மக்கள் விடுதலை முன்னணியினரின் எழுச்சி ஆயிரக்கணக்கான இளைஞரின் உயிரைக் கொண்டது. அரசு அதனை ஈவிரக்கமின்றி அடக்கியது. எனினும் அதற்கு நிலைத்த பெயர் ‘கிளர்ச்சி’ என்பதே. கிளர்ச்சிக்காரர் வழிதவறிய கிராமப்புறப் புதல்வராகக் கருதப்பட்டனர். வடபுலத்து இளைஞரோ அரசியற் சமுதாயத்துக்குப் புறம்பானோராக வைக்கப்பட்டனர். 1983 யூலை வன்செயலின் பின் அம்முன்னணி மீண்டும் தடைசெய்யப்பட்டது. 1987–89இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் தெற்கிலும் பாய்ந்தது. 2024 செப்டெம்பரில் அதே முன்னணியின் தலைவர் சனாதிபதியானார். பழைய செயல்கள் மாறவில்லை; அதிகாரத்தோடு அச்செயல்களைப் புரிந்தோருக்கு இருந்த உறவு மாறியது. பெயரும் அதனுடன் மாறிற்று.

4

1983 யூலையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டதும், வாக்காளர் இடாப்புகளைக் கையிற்கொண்டு கும்பல்கள் வீடுவீடாகச் சென்றதும் நாடறிந்தவை. அதே வாரத்தில், யூலை 25ஆம், 27ஆம் நாள்களில், வெலிக்கடைச் சிறையினுள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களுட் பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டிருந்தோர். அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவை ‘சிறைக் கலகம்’ எனப்பட்டன. வெளியே நிகழ்ந்தவை ‘இனக்கலவரம்’ எனப்பட்டன. கலவரம் என்ற சொல்லில் எழுவாய் இல்லை என்பது மனங்கொளத்தக்கது. புயலைப் போல அது எழும், ஓயும். செய்தவரைத் தேடும் தேவையை அது ஏற்படுத்தாது.

அடுத்த ஆண்டின் இரு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1984 நவம்பர் 30இல் கென்ற், டொலர் பண்ணைகளில் புலிகள் நடத்திய தாக்குதலில் 60க்கு மேற்பட்ட சிங்களவர் கொல்லப்பட்டனர். பெண்களும் சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். நான்கு நாள் கழித்து, டிசெம்பர் 4இல், மன்னார்ப் பகுதியிற் கண்ணிவெடியில் இராணுவ வாகனம் சிக்கியதைத் தொடர்ந்து, மன்னார்–முருங்கன் வீதியோரத்தில் பஸ்களில் வந்தோரும் அஞ்சலக ஊழியரும் வயலில் நின்றோருமாக ஏறத்தாழ நூறு தமிழர் படையினராற் சுடப்பட்டு மடிந்தனர். இரு இடங்களிலும் இறந்தோர் ஆயுதமற்றவர். இரு இடங்களிலும் கொலையின் நோக்கம் இறந்தோரோடு முடியவில்லை. எஞ்சியோரை அச்சுறுத்துவதும் அதில் அடங்கியிருந்தது. முன்னையது பயங்கரவாதம், பின்னையது அரசின் மொழியில் கண்ணிவெடிக்குப் பிந்திய ‘சம்பவம்’.

5

இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னும் இவ்விலக்கணம் மாறவில்லை. 2006 யூன் 15இல் அநுராதபுர மாவட்டத்துக் கெப்பித்திகொல்லாவையில் கண்ணிவெடியில் சிக்கிய பஸ்ஸில் 60க்கு மேற்பட்ட சிங்களக் கிராமத்தவர் இறந்தனர். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது, புலிகள் மறுத்தனர். உலகெங்கும் அது பயங்கரவாதத் தாக்குதல் என அறிவிக்கப்பட்டது. அப்பெயர் முற்றிலும் பொருத்தமானதே. இரு நாள் கழித்து, யூன் 17 காலையில், பேசாலைக் கடலில் கடற்படைக்கும் கடற்புலிகளுக்கும் மோதல் நிகழ்ந்தது. அதன்பின் கரையில் மீனவர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். படகுகளும் வாடிகளும் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்த வெற்றிநாயகி ஆலயத்தினுள் கைக்குண்டு எறியப்பட்டது. மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். கடற்படையினரே செய்தனர் என மக்கள் கூறினர், கடற்படை மறுத்தது.

இவ்விரு செய்திகளிலும் மறுப்பு உண்டு. ஆனால் முதலாவதில் மறுப்பு பெயரைத் தடுக்கவில்லை. இரண்டாவதில் மறுப்பே செய்தியாயிற்று. ‘மோதலில் பொதுமக்களும் சிக்கினர்’ என்ற வாய்பாடு கொலையைச் செயப்பாட்டு வினைக்குள் ஒதுக்கிவிடுகிறது. தாக்குண்டவர் இருப்பர், தாக்கியவர் வாக்கியத்தில் இடம்பெறார். 2007 சனவரி 2இல் இலுப்பைக்கடவைக்கு அண்மிய படகுத்துறையில் விமானக் குண்டுவீச்சினால் இடம்பெயர்ந்த மீனவக் குடும்பத்தினர் இறந்தபோது, அவ்விடம் கடற்புலிகளின் தளம் என்று அரசு கூறியது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அதனை மறுத்து, இறந்தோர் பொதுமக்கள் என்று அறிவித்தார். இங்கே பெயர், செயலிலிருந்து இடத்துக்கு மாறியமை காணலாம்: இடத்தைத் தளம் என்று அழைத்துவிட்டால் அங்கு இறந்தோருக்குத் தனிப் பெயர் தேவைப்படாது.

பத்திரிகையாளரின் தனிப்பட்ட தீயெண்ணமாக இதனை விளக்குவது போதாது. செய்தியும் ஓர் உற்பத்திப் பொருளே. அதன் மூலப்பொருள் எங்கிருந்து கிடைக்கிறது என்பதே முதன்மையான வினா. போர்க்காலத்தில் கொழும்பு நிருபர் மன்னார்க் கரைக்குச் செல்ல அனுமதி பெறுவது அரிது. பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையோ அவர் மேசைக்கே வந்தது. 1973இல் அரசுடைமையான லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பத்திரிகைகள் அரசின் சொல்லைத் தம் சொல்லாக்கின. தனியார் பத்திரிகைகள் தணிக்கைக்கும் அச்சுறுத்தலுக்கும் இடையில் அதே சொல்லை மேற்கோட் குறியின்றி எடுத்தாண்டன. சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் இவ்வறிக்கைகளையே பெரிதும் நம்பின. வலையும் வள்ளமும் கொண்டு பிழைக்கும் பேசாலை மீனவனின் வாக்குமூலம் இச்சங்கிலியில் நுழைவதற்குப் பங்குத் தந்தையையும் ஆயரையும் தவிர வேறு வாயில் இருக்கவில்லை.

6

இவ்விமர்சனத்தை அரசோடு நிறுத்திக்கொள்வது அறிவு நேர்மைக்கு ஒவ்வாது. தமிழ்ச் செய்தி மொழியும் தனக்கென ஒரு பெயரீட்டு முறையை வளர்த்தது. ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லை நினைவுகூர்வோம். தமிழர் மத்தியிலே மாற்றுக் கருத்துடையோர் கொல்லப்பட்ட வேளைகளில், ஊரறிந்த கொலையாளிகள் பத்திரிகையில் இனந்தெரியாதோர் ஆயினர். 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் ராஜினி திராணகம கொல்லப்பட்டபோதும் அம்மௌனத்தின் திரை விலகவில்லை. அரசின் செயப்பாட்டு வினைக்கும் நமது இனந்தெரியாதோருக்கும் இலக்கண வேறுபாடு உண்டு, பயன் ஒன்றே.

1990 ஒக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் முதலிய இடங்களிலிருந்தும், பெருநிலத்து முசலி, விடத்தல்தீவுப் பகுதிகளிலிருந்தும் முஸ்லிம் மக்கள் முழுமையாகப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலும் அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அதே கடலில் அவர்களோடு தொழில் செய்த தமிழருட் பலர் கண்ணீர் விட்டனர் என்பதும் உண்மை. ஆயினும் தமிழ் எழுத்தில் நெடுங்காலம் இச்செயல் ‘இடம்பெயர்வு’ என்றே வழங்கிற்று. இடம்பெயர்வு பெயர்ந்தவரின் செயல். வெளியேற்றம் வெளியேற்றியவரின் செயல். ஒரு சொல்லில் குற்றவாளி மறைந்து போகிறான்.

7

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. பெயரிடும் முறை முடியவில்லை. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுவைத்து 260க்கு மேற்பட்டோரைக் கொன்றமை பயங்கரவாதம் என ஐயமின்றி அழைக்கப்பட்டது. மூன்று வாரத்தின் பின், மே 12–13இல், வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கும்பல்கள் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களையும் கடைகளையும் வீடுகளையும் தாக்கின, ஒருவர் கொல்லப்பட்டார். அது மீண்டும் ‘குழப்பநிலை’ ஆயிற்று.

இத்தகைய சூழலில் சொல்லே குற்றமாகவும் மாறியது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம், 2017இல் வெளியான ‘நவரசம்’ என்னும் தமது கவிதைத் தொகுதியின் காரணமாக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 2021 டிசெம்பரிலேயே பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வன்முறையை எதிர்த்தும் பாடிய கவிஞர் அவர். கவிதையைப் படிக்கத் தெரிந்தோரின் கருத்து முதலிலே கேட்கப்பட்டிருப்பின் இத்தனை மாதச் சிறை நேர்ந்திராது. 2022இல் தடுப்புக் கால எல்லை பதினெட்டிலிருந்து பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டபோதும், பெயரிடும் அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

தமிழிலக்கிய மாணவருக்கு இது புதிய கதையன்று. கோவலனைக் கொன்றது கொல்லனின் முறைப்பாடும் விசாரணையின்றி மன்னன் ஏற்றுக்கொண்ட ‘கள்வன்’ என்ற பெயருமேயாகும். கண்ணகி அவையிற் செய்தது, அப்பெயருக்குச் சான்று கேட்டதே. சிலம்பினுள் முத்தா, மாணிக்கமா என்ற பரிசோதனை நிகழ்ந்த பின்னரே பெயர் பொய்யென நிறுவப்பட்டது.

8

பள்ளிமுனையில் இப்பிரச்சினை வேறொரு வடிவத்தில் நிற்கிறது. மன்னார் நகரின் விளிம்பில், கடலை நம்பி வாழும் கத்தோலிக்க மீனவரின் ஊர் இது. 1990இல் போர் மூண்டபோது இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றின் வீடுகளும் காணிகளும் பாதுகாப்புப் படையினர் வசமாயின. போர் முடிந்த பின்னரும் அவற்றை மீளப் பெற மக்கள் வீதியிலும் நீதிமன்றத்திலும் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் கடலுக்குச் செல்லக் கடற்படையின் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. பயங்கரவாதம் என்ற சொல்லின் மறுபக்கம் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லாகும். முன்னையது எவ்வளவு விரிகிறதோ, பின்னையதும் அவ்வளவுக்கு நிலத்தையும் நீரையும் தன்வயப்படுத்துகிறது. பெயரிடும் அதிகாரம் இவ்வாறு பொருளடிப்படையில் சென்று முடிகிறது.

அங்ஙனமாயின் அச்சொல்லையே கைவிடலாமோ என்று வினவலாம். அது சரியான வழியன்று என்பதே எமது முடிபு. அரசியல் நோக்கத்துக்காக ஆயுதமற்ற மக்களைக் கொன்று எஞ்சியோரை அச்சுறுத்துதல் உண்மையான ஒரு செயல். அதற்கு ஒரு பெயர் வேண்டும். அவ்வளவுகோலை எடுத்தால் டொலர் பண்ணையும் முருங்கன் வீதியும், வெலிக்கடையும் கெப்பித்திகொல்லாவையும் பேசாலை ஆலயமும் ஒரே நிரலில் வந்து சேரும். செய்தவன் சீருடை அணிந்தானா, எம்மொழி பேசினான் என்ற வினாக்கள் அதன் பின்னரே எழ வேண்டியவை.

பெயரோடு விசாரணையும், விசாரணையோடு ஈடும், ஈட்டோடு பகிரங்கமாக அழும் உரிமையும் பிணைந்துள்ளன. இறந்தோரைப் ‘பயங்கரவாதி’ என்றோ ‘மோதலில் சிக்கியோர்’ என்றோ எழுதிவிட்டால் அவர்தம் குடும்பத்தார் முதலில் அப்பெயரோடு போராடிய பின்னரே நீதி கேட்க முடிகிறது. ஆகவே, ஒரு வாக்கியத்தில் மறைந்துபோன எழுவாயைத் தேடி எடுத்து அதற்குரிய இடத்தில் வைப்பது வெறும் இலக்கணப் பணியன்று. தமிழியல் ஆய்வாளர் தமது பயிற்சியைக் கொண்டு இக்கரையோர மக்களுக்குச் செய்யக்கூடிய முதற் கடமை அதுவேயாகும்.