உயர்நிலை மொழியும் பொறியின் மொழியும்

கணினியிற் பயிற்சி பெறுவோர் இக்காலத்தில் மனித மொழியை ஓரளவு ஒத்த உயர்நிலை மொழிகளிலேயே தம் கல்வியைத் தொடங்குகின்றனர். இரண்டு எண்களைக் கூட்டுதற்கு ஒரு வரி போதும். அவ்வெண்கள் நினைவகத்தில் எவ்விடத்தன, எத்துணை இடங்கொண்டன என ஆராய வேண்டுவதில்லை. அங்ஙனம் பழகிய ஒருவர் பின்னர்ப் பொறிக்கு அணித்தான தாழ்நிலை மொழியைக் கற்றல் வீண் உழைப்போ? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஈண்டு நோக்குவாம்.

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் குழுவினர் அமைத்த எட்சாக் என்னும் கணினி தன் முதற் செய்நிரலை இயக்கியது. கூட்டலுக்கு 'ஏ', கழித்தலுக்கு 'எஸ்' என ஓரெழுத்தும், அதனோடு நினைவக முகவரியும் சேர்ந்ததே அதன் கட்டளை. அவ்வெழுத்துகளைத் துவித எண்களாக மாற்றும் வேலையை, டேவிட் வீலர் வகுத்த தொடக்கக் கட்டளைகள் பொறியைக் கொண்டே செய்வித்தன. மொழி உயர்தற்கு இட்ட முதற் படிகளுள் இதுவும் ஒன்றாகும்.

1957இல் ஐ.பி.எம். 704 கணினிக்கென வெளிவந்த போட்றான் மொழி அப்படியை மிக உயர்த்தியது. தொகுப்பான் ஆக்கும் கட்டளைகள், கைதேர்ந்தோர் எழுதுவனவற்றின் விரைவுக்கு ஈடாகா என்னும் ஐயம் அன்று பலரிடம் நிலவிற்று. ஜோன் பாக்கஸ் தலைமையிலான குழுவினர் அவ்வையத்தைச் சொல்லால் அன்றிச் செயலால் அகற்ற முனைந்தனர். அப்பொறியிலிருந்த சுட்டுப் பதிவகங்கள் மூன்றே. அம்மூன்றையும் திறம்படப் பங்கிடும் வழியைக் காண்பதில் அவர்கள் பெரிதும் உழைத்தனர். பொறியை மறக்க உதவிய மொழியைப் படைத்தோர், பொறியை நுணுகி அறிந்தோரே என்பது கருதத்தக்கது.

மறத்தலால் விளையுங் கேட்டிற்கும் சான்றுண்டு. 1996ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆந் திகதி பிரெஞ்சுக் கயானாவிலிருந்து முதன்முறை ஏவப்பட்ட ஏரியான் 5 உந்துகலம், ஏறக்குறைய 40 செக்கனில் வானிலேயே அழிந்தது. அதன் வழிகாட்டுஞ் செய்நிரல், ஏடா என்னும் உயர்நிலை மொழியில் ஏரியான் 4க்கென எழுதப்பட்டது. 64 துவித இலக்கங்களில் அமைந்த ஓர் எண்ணை அது 16 இலக்க முழுவெண்ணாக மாற்ற முயன்றது. நேர், எதிர்க் குறியோடு 16 இலக்கத்துள் அடங்கும் மிகப் பெரிய முழுவெண் 32,767 ஆகும். முந்தைய கலத்தின் வேகத்திற்கு அவ்வெல்லை போதியதாயிருந்தது. புதிய கலத்தின் கிடைவேகமோ அதனைக் கடந்தது. துணைக்கென வைத்த கணினியும் அதே செய்நிரலைக் கொண்டிருந்தமையால் அதுவும் செயலற்றது. மொழி உயர்ந்ததாயினும் அதன் அடியிலிருந்த கலன் சிறியதே.

இவ்வுண்மையைக் கல்வியில் வற்புறுத்தியவருள் டொனால்ட் நூத் தலையாயவர். 1968இல் வெளிவந்த தம் பெருநூலின் முதற் றொகுதியில், வழக்கிலிருந்த உயர்நிலை மொழி எதனையுங் கொள்ளாது, மிக்ஸ் என்னும் கற்பனைக் கணினியின் மொழியிலேயே அவர் செய்முறைகளை எழுதினார். 1999இல் அதற்கீடாக எம்மிக்ஸ் என்னும் புதிய பொறியை வகுத்தார். பொறி மாறினும் கொள்கை மாறவில்லை.

ஆதலின், உயர்நிலை மொழி வல்லார் தாழ்நிலை மொழியைக் கற்பது பழைமைக்கு மீளுதலன்று. தாம் எழுதும் 'எனின்' என்னும் நிபந்தனை, ஓர் ஒப்பீடும் ஒரு தாவலுமாகப் பிரிவதை அவர் அங்குக் காண்பர். ஒவ்வோர் எண்ணுக்கும் எல்லையுண்டென்பதை உணர்வர். நாள்தோறும் எழுதுதற்கு உயர்நிலை மொழியே ஏற்றது. எழுதியதன் பொருளைத் தெளிதற்கோ பொறியின் மொழி வேண்டும்.