உள்ளடக்க மேலாண்மை அமைப்பு: இந்திய அரசுத் தளங்களின் தேர்வு

நிரல் எழுதத் தெரியாதவரும் வலைத்தளத்தில் பக்கங்களைச் சேர்க்க, திருத்த உதவும் மென்பொருள். திறமூல வகையில் ட்ரூபல் (2001), வேர்ட்பிரஸ் (2003), ஜூம்லா (2005) பெயர்பெற்றவை.

அரசு ஊழியர் குடியிருப்பும் துணிச் சந்தையுமான டெல்லி சரோஜினி நகருக்குக் கிழக்கே, லோதி சாலையில், 1976இல் தோன்றிய, அரசுத் தளங்களை அமைத்துத் தரும் தேசியத் தகவலியல் மையம் இயங்குகிறது. 2012இல் வெளியான அரசின் திறந்த தரவுத் தளத்துக்கு இம்மையம் ட்ரூபலை எடுத்துக்கொண்டது. தரவுகளைத் துறைவாரியாக வகைபிரிக்கவும், பதிவேற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர் என அனுமதிகளை அடுக்கவும் அது ஏற்றது, பழகத்தான் நாளாகும்.

மாவட்டத் தளங்களின் தேவை வேறு. சென்னை, மதுரை உள்ளிட்டவை மையத்தின் எஸ்3வாஸ் எனும் வலைத்தளச் சேவையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இயங்குகின்றன. வார்ப்புருவும் பாதுகாப்பும் மையத்தின் பொறுப்பு, செய்தி இடுவது மாவட்டத்தின் வேலை. எல்லாத் தளமும் ஒரே சாயலில் இருப்பது அலுப்புத்தான். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியை ஓரிடத்தில் செய்தால் எங்கும் பரவுகிறது என்பது பெரிய ஆதாயம்.

சரோஜினி நகர்க் கடைக்காரருக்கு இத்தனை அடுக்கு வேண்டாம். வேர்ட்பிரஸும் இணைய விற்பனைக்கான அதன் வூகாமர்ஸ் செருகுநிரலும் போதும், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவ ஆள் இருந்தால்.